நங்கநல்லூர் போக மெட்ரோவில் இறங்கச் சொல்கிறவர்களுக்கு

ராம்நகர் ரங்கன்:
'மெரினா நெரிசலுக்குப் பிறகு ஓர் அமைதியான புறநகர்' என்று ஊர்சுற்றி இங்கே பயணக் குறிப்பு ஒன்று போட்டிருக்கிறார். எங்கள் நங்கநல்லூரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறார், சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி: 'மெட்ரோவில் நங்கநல்லூர் சாலை நிலையத்தில் இறங்கினால் ஆஞ்சநேயர் கோவில் நடை தூரம்தான்.' இதை எழுதியவர் அந்த நிலையத்தில் இறங்கி ஒரு தடவையாவது நடந்திருக்கிறாரா? அந்த நிலையம் ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது தாம்பரம் போகும் நெடுஞ்சாலையில், ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தின் பக்கத்தில் இருக்கிறது. நங்கநல்லூர் இருப்பது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். நடுவில் கடற்கரை - தாம்பரம் ரயில் பாதை குறுக்கே ஓடுகிறது. சுரங்கப்பாதை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதை நம்பி வெயிலில் நடந்து, வழி கேட்டு, கடைசியில் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இறங்க வேண்டிய இடம் பழவந்தாங்கல் ரயில் நிலையம். அந்த வரியைத் திருத்துங்கள்.

ஊர்சுற்றி:
ரங்கன் சார், வணக்கம். அவ்வளவு பெரிய குறிப்பில் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதானா? நான் அந்த வழியில் நடந்திருக்கிறேன். நடக்கிறவனுக்கு அது நடை தூரம்தான். மெட்ரோவில் குளிர்சாதனம் இருக்கிறது, மின்தூக்கி இருக்கிறது. மெரினா பக்கம் இருந்து வருகிறவர் அரசினர் தோட்டம் நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் நேராக வந்து இறங்கலாம். நிலையத்தின் பெயரிலேயே நங்கநல்லூர் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

ராம்நகர் ரங்கன்:
பெயரில் இருந்தால் போதுமா? அங்கே எழுதியிருப்பது 'நங்கநல்லூர் சாலை', 'நங்கநல்லூர்' இல்லை. 2016 செப்டம்பரில் சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ திறந்தபோதே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னேன், இந்தப் பெயரைப் பார்த்து ஊரே ஏமாறப்போகிறது என்று. அதுதான் நடக்கிறது. அப்புறம், 'நடக்கிறவனுக்கு நடை தூரம்' என்றால் என்ன கணக்கு? பழனிக்குக்கூடத்தான் நடந்து போகிறார்கள்.

மயிலை மைதிலி:
ரங்கன் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெயரைப் பார்த்து இறங்கக் கூடாது. 'சென்னைக் கடற்கரை' என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அங்கே இறங்கி மணலைத் தேடியவர்கள் எத்தனை பேர்! எதிரில் துறைமுகம், பக்கத்தில் பாரிமுனை. மெரினா போகிறவர் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ பறக்கும் ரயிலை விட்டு இறங்க வேண்டும். ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். நங்கநல்லூரை 'அமைதியான ஊர்' என்று எந்தக் காதை வைத்துச் சொல்கிறீர்கள்? மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரம். என் நாத்தனார் வீட்டில் தொலைபேசியில் பேசும்போது, விமானம் போனால் இரண்டு பக்கமும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

ராம்நகர் ரங்கன்:
மயிலாப்பூரிலிருந்து அமைதியைப் பற்றிப் பாடமா? தெற்கு மாட வீதியில் சாயங்காலம் ஒரு சைக்கிளைத் திருப்ப முடியுமா? எங்கள் தெருக்களில் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள். வாசல் தெளித்து, இழைக் கோலம் போட்டு, செம்மண் கரை கட்டி வைத்திருப்பார்கள். பால்காரர்கூட அதை மிதிக்காமல் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். விமானம் வரும், போகும். அது சத்தம்தான், இரைச்சல் இல்லை. சரி, அதை விடுங்கள். பழவந்தாங்கல் விஷயத்தில் நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டீர்களே, அதற்கு நன்றி.

மயிலை மைதிலி:
ஒப்புக்கொள்ளவெல்லாம் இல்லை. பெயரைப் பார்த்து இறங்கக் கூடாது என்றேன், அவ்வளவுதான். மாட வீதியைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேச வேண்டாம். உங்கள் கோவில் எழும்பியது நேற்று. எங்கள் கபாலி சம்பந்தர் பாடிய தலம்.

திருச்சி தம்பி:
அனைவருக்கும் வணக்கம். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னை வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆஞ்சநேயர் கோவில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எந்த நிலையத்தில் இறங்கினால் வசதி என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராம்நகர் ரங்கன்:
தம்பி, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த இழையையே ஆரம்பித்தேன். பழவந்தாங்கல். எழும்பூரிலோ மாம்பலத்திலோ தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஃபாஸ்ட் லோக்கலா, எல்லா நிலையத்திலும் நிற்பதா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். இறங்கியதும் நங்கநல்லூர் பக்கம் வெளியே வந்தால் ஊருக்குள் வந்துவிட்டீர்கள். 32 அடி உயர ஆஞ்சநேயர், ஒரே கல்லில் செதுக்கியவர், 1995இல் குடமுழுக்கு ஆனது. நடை சாத்துவதற்குள் போக வேண்டும், மத்தியானம் போனால் கதவைத்தான் பார்க்கலாம். சனிக்கிழமை வேண்டாம். மார்கழியில் அனுமன் ஜெயந்தி சமயம் அம்மாவை அழைத்துக்கொண்டு வரவே வேண்டாம், வரிசையில் நிற்க முடியாது. ராஜராஜேஸ்வரி கோவிலுக்கும் போங்கள். அங்கே படியேறித்தான் அம்பாளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு திதி நித்யா தேவி. மெதுவாக ஏறச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:
முழங்கால் வலி உள்ள அம்மாவை மின்சார ரயிலில் ஏற்றுகிறீர்களா ரங்கன் சார்? அலுவலக நேரத்தில் மாம்பலம் நடைமேடையைப் பார்த்திருக்கிறீர்களா? பழவந்தாங்கலில் ரயில் நிற்கிற நேரத்தில் ஆரோக்கியமான ஆளே முண்டியடித்துத்தான் இறங்க வேண்டும். தம்பி, மெட்ரோவில் வாருங்கள். மின்தூக்கியில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் கோவில் வாசல்.

ராம்நகர் ரங்கன்:
ஆஹா. இப்போது ஆட்டோ வந்துவிட்டது. குறிப்பில் 'நடை தூரம்தான்' என்று எழுதினீர்கள், இங்கே 'ஆட்டோ பிடித்தால் கோவில் வாசல்' என்கிறீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நடை தூரம் என்றால் எதற்கு ஆட்டோ?

ஊர்சுற்றி:
முழங்கால் வலி உள்ளவருக்குச் சொன்னேன். எனக்கு அது நடை தூரம்தான். திரும்பவும் சொல்கிறேன், நடை தூரம்தான்.

வேளச்சேரி வேலு:
இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டீர்கள். பறக்கும் ரயில் வேளச்சேரி வரை 2007இலேயே வந்துவிட்டது. மெரினா பக்கம் இருந்து அதில் ஏறி, வேளச்சேரியில் இறங்கி, உள்வட்டச் சாலை வழியாக ஆட்டோவில் போனால் தில்லை கங்கா நகர் பக்கமாக நங்கநல்லூருக்குள் நுழைந்துவிடலாம். தண்டவாளமும் இல்லை, சுரங்கப்பாதையும் இல்லை.

ராம்நகர் ரங்கன்:
வேலு, வேளச்சேரியிலிருந்து வரச் சொல்வது மூக்கைச் சுற்றித் தொடுவது. உங்கள் ஊர்ச் சாலையில் மழைக்காலத்தில் படகு விட்டதை மறந்துவிட்டீர்களா?

வேளச்சேரி வேலு:
மழையைப் பற்றி யார் பேசுவது! பழவந்தாங்கல் சுரங்கப்பாதை ஒரு மணி நேர மழைக்குத் தாங்குமா? தண்ணீர் இடுப்பளவு நிற்கும். தடுப்பு வைத்து, கயிறு கட்டி, வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு வருஷமும் செய்தித்தாளில் அந்தப் படம் வருகிறது. தம்பியை அம்மாவோடு அங்கே அனுப்பப் பார்க்கிறீர்கள். போன வருஷம் மடிப்பாக்கம் இழையிலும் இப்படித்தான் 'எங்கள் பக்கம் தண்ணீரே தேங்காது' என்று அடித்துப் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

ராம்நகர் ரங்கன்:
சுரங்கப்பாதை வண்டிகளுக்கு. ரயிலில் வருகிறவன் அதற்குள் ஏன் இறங்கப் போகிறான்? நிலையத்தை விட்டு நங்கநல்லூர் பக்கமே வெளியே வருகிறான். மெட்ரோவில் வருகிறவனுக்குத்தான் சுரங்கப்பாதை வேண்டும். நீங்களே என் வாதத்துக்கு ஆதாரம் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம், எங்கள் ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியில் இருந்த காலத்தில், 1990களின் கடைசியில், பாதாளச் சாக்கடை வேண்டும் என்று வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். அரசாங்கம் செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தபோது பலகை மேல் நடந்துதான் வீட்டுக்குள் போனோம். இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆலந்தூர்த் திட்டம் என்று பாடமாகப் படிக்கிறார்கள். அந்த ஊர்க்காரனிடம் தண்ணீர், சாக்கடை பற்றிப் பேசுவதற்கு முன் யோசித்துப் பேசுங்கள்.

மயிலை மைதிலி:
சாக்கடைக்கும் கோவிலுக்கும் என்ன சம்பந்தம்? 2011 வரை நீங்கள் சென்னை மாநகராட்சியிலேயே இல்லை. அதுவரை சென்னைக்கு வெளியே இருந்துவிட்டு இப்போது சென்னைக்கே வழி சொல்கிறீர்கள்.

ராம்நகர் ரங்கன்:
அம்மா, மாநகராட்சி எங்களைச் சேர்த்துக்கொண்டது, நாங்கள் விண்ணப்பம் போட்டுச் சேரவில்லை. நகராட்சியாக இருந்தபோதே நன்றாகத்தான் இருந்தோம். விஷயத்துக்கு வாருங்கள். பழவந்தாங்கலா, மெட்ரோவா?

பரங்கிமலை பீட்டர்:
நங்கநல்லூருக்கு வருகிறவர்கள் பக்கத்தில் இருக்கிற எங்கள் மலையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஊர்சுற்றியின் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உச்சியில் போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802இல் இந்திய நில அளவையின் அடிக்கோட்டை அளந்தது பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவில்தான். இமயம் வரை போன அளவைக்கு முதல் கோடு இங்கே விழுந்தது. சாயங்காலம் மேலே நின்றால் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஓடுபாதைக்குப் போவது தெளிவாகத் தெரியும். சக்கரம் தரையைத் தொடும்போது கிளம்பும் புகைகூடத் தெரியும். திருச்சி தம்பி, அம்மாவை வண்டியிலேயே மேலே அழைத்துப் போகலாம், சாலை இருக்கிறது. மலைக்கோட்டை ஏறிய ஊர்க்காரர்களுக்கு இது ஒரு ஏற்றமே இல்லை.

ஊர்சுற்றி:
பீட்டர் அண்ணே, மலைக்கு வருகிறவருக்கும் மெட்ரோதான் வசதி. ஆலந்தூரில் இறங்கலாம், பரங்கிமலை நிலையத்திலும் இறங்கலாம். பார்த்தீர்களா ரங்கன் சார், மெட்ரோவில் வந்தால் மலையையும் கோவிலையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பரங்கிமலை பீட்டர்:
பரங்கிமலைக்கு மின்சார ரயிலும் வருகிறது தம்பி. மெட்ரோ வருவதற்கு எவ்வளவோ முன்பே வந்தது. இந்தப் பாதையில் 1931லேயே மின்சார ரயில் ஓடியது. உங்கள் சண்டைக்குள் என் மலையை இழுக்காதீர்கள்.

ராம்நகர் ரங்கன்:
நன்றாகச் சொன்னீர்கள் பீட்டர். 1931! தென்னிந்தியாவிலேயே முதலில் மின்சார ரயில் பார்த்த பாதை இது. அந்தப் பாதையில் இருக்கிற பழவந்தாங்கலை விட்டுவிட்டு, பெயரில் 'சாலை' ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் இறங்கச் சொல்கிறார்கள்.

ஊர்சுற்றி:
சார், ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர் என்ன செய்வார்? வெளியே வந்தால் மெட்ரோ. அடுத்தது மீனம்பாக்கம், அதற்கு அடுத்தது நங்கநல்லூர் சாலை. 10, 20 ரூபாயில் முடிந்துவிடும். அவரையும் பழவந்தாங்கலுக்குப் போகச் சொல்வீர்களா?

ராம்நகர் ரங்கன்:
சொல்வேன். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் நிலையம் இருக்கிறது. சாலையைக் கடந்து மின்சார ரயிலில் ஏறினால் மீனம்பாக்கம், அடுத்தது பழவந்தாங்கல். நிலையத்தை எண்ணினால் உங்கள் கணக்கும் என் கணக்கும் ஒன்றுதான். ஆனால் என் ஆள் ஊருக்குள் நிற்பான், உங்கள் ஆள் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்பான்.

மயிலை மைதிலி:
பெட்டி படுக்கையோடு சாலையைக் கடந்து திரிசூலத்துக்கா? யாருடைய பெட்டியையாவது நீங்கள் தூக்கியிருக்கிறீர்களா?

ராம்நகர் ரங்கன்:
கோவில் பார்க்க வருகிறவன் பெட்டியோடு ஏன் வருகிறான்?

திருச்சி தம்பி:
ஐயா, நாங்கள் எழும்பூரில்தான் இறங்குகிறோம். பெட்டியை அறையில் வைத்துவிட்டுத்தான் வருவோம். பழவந்தாங்கலிலிருந்து அம்மா நடக்கக்கூடிய தூரமா, அல்லது அங்கேயும் ஆட்டோ வேண்டுமா?

ராம்நகர் ரங்கன்:
நடை தூரம்தான் தம்பி. அம்மாவுக்கு முடியாவிட்டால் ஆட்டோ நிற்கும், பக்கம்தான்.

ஊர்சுற்றி:
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்! 'நடை தூரம்தான், முடியாவிட்டால் ஆட்டோ.' இதைத்தானே நானும் சொன்னேன்? நான் சொன்னால் குற்றம், நீங்கள் சொன்னால் வழிகாட்டலா?

ராம்நகர் ரங்கன்:
இரண்டும் ஒன்றா? உங்கள் நிலையத்திலிருந்து நடந்தால் அரை மணி நேரம். அதிலும் பாதி நேரம் லாரிகளோடு. என் நிலையத்திலிருந்து வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். நடுவில் ஒரு காபி குடிக்கலாம், பூ வாங்கலாம். அந்த வரியைத் திருத்துகிற வரை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

ஊர்சுற்றி:
எழுதுங்கள். அந்த வரி அப்படியே இருக்கும். அடுத்த குறிப்பு மடிப்பாக்கத்தைப் பற்றி, அதற்கும் எந்த நிலையம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: நங்கநல்லூர் சாலை.

வேளச்சேரி வேலு:
மடிப்பாக்கத்துக்கு வேளச்சேரிதான் பக்கம். இதிலுமா?

ராம்நகர் ரங்கன்:
மடிப்பாக்கத்துக்கும் பழவந்தாங்கல்தான். ஷேர் ஆட்டோ போகிறது. தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சொல்கிறேன்.