புரோவின்ஸ் வெல்லஸ்லி: எந்த வெல்லஸ்லியின் பெயர்?

கிரியான் கரை:
வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலிலிருந்து எழுதுகிறேன். அப்பா தவறிய பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் அவருடைய பிறப்புப் பத்திரம் இருந்தது. நான்காக மடித்தது, மடிப்பில் கிழிந்திருக்கிறது. பிறந்த இடத்தில் தோட்டத்தின் பெயரும், அதன் கீழே 'புரோவின்ஸ் வெல்லஸ்லி' என்றும் ஊதா மையில் எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தின் இப்போதைய பெயர் செபராங் பிறை, ஆனால் தாத்தா கடைசிவரை அப்படிச் சொன்னதே இல்லை. அவருக்கு இது 'வெல்லஸ்லி பக்கம்'தான். இரண்டாம் படிவம் படிக்கும் என் மகன், "நெப்போலியனைத் தோற்கடித்தவர் பெயர்தான்மா இது" என்கிறான். சரியா? அவர் இந்தப் பக்கம் வந்தாரா? இன்னொன்று, இந்தப் பத்திரத்தை லேமினேட் செய்துவிடலாமா?

பழைய வாத்தியார்:
தங்கச்சி, மகன் குடும்பத்தைச் சரியாகப் பிடித்துவிட்டான், ஆள்தான் மாறிப்போனது. பெயர் அண்ணனுடையது. இந்தப் பக்கம் வந்தவர் தம்பி.

1800இல் கெடா சுல்தானிடமிருந்து இந்தக் கரையை வாங்கியவர் பினாங்குத் தீவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் லீத். தீவுக்கும் கரைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் என்று பேச்சு. அப்போது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ரிச்சர்ட் வெல்லஸ்லி. அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நெப்போலியனை வென்றவர் அவருடைய தம்பி ஆர்தர்.

ஆர்தர் 1797இல் பினாங்குக்கு வந்தார். 33ஆம் படைப்பிரிவின் கர்னல், வயது 28. ஸ்பெயின்காரர்களிடமிருந்த மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்ட படை அது. பினாங்கு வரை வந்ததும் திரும்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அப்போது அவர் வெல்லஸ்லிகூட இல்லை. வெஸ்லி என்றுதான் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டுதான் குடும்பப் பெயர் வெல்லஸ்லி ஆனது, அண்ணன் கவர்னர் ஜெனரலாக வந்ததும் அதே ஆண்டுதான்.

பிரபு வீட்டுப் பிள்ளை, ஆனால் சொத்தும் பட்டமும் மூத்தவருக்கு. அன்றைய பிரிட்டிஷ் படையில் பதவியை விலைக்கு வாங்கலாம். அண்ணன் கடன் கொடுக்க, ஆர்தர் 24 வயதில் லெப்டினன்ட் கர்னல். தோட்டத்தில் சின்னக் கிராணி (குமாஸ்தா) பெரிய கிராணியாக எத்தனை வருடம் காத்திருந்தார் என்று பார்த்தவன் நான்; இந்த இடத்தைப் படிக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

ஆனால் பணம் வாங்கித் தராத பாடம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. 1799 ஏப்ரல் 5 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டை தோப்பு. ஆங்கிலேயர்களும் 'டோப்' என்றே எழுதினார்கள், நம் தோப்புதான் அது. மூங்கில் புதர், குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால், உள்ளே ராக்கெட்டும் துப்பாக்கியுமாகத் திப்புவின் ஆட்கள். பகலில் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காமல் இருட்டில் படையை உள்ளே இறக்கிவிட்டார். படை சிதறியது, அவருக்கு முழங்காலில் அடி, வந்த வழி தெரியாமல் பின்வாங்கினார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பாலெடுத்தவர்களைக் கேளுங்கள், பகலில் நடந்து பழகாத மர நிரையில் யாராவது இருட்டில் கால் வைப்பார்களா என்று. காலையில் அதே தோப்பைப் பிடித்தார்கள். பகலில் வேவு பார்க்காத இடத்தை இரவில் தாக்கவே மாட்டேன் என்று பிறகு அவரே எழுதினார்.

முப்பது வருடம் தோட்டப் பள்ளியில், நெப்போலியனை அவர் தோற்கடித்த வாட்டர்லூ போரையே சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தோப்பைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்.

கூலிம் பேரன்:
வாத்தியாரையா, போன வருடம் ஊட்டிக்குப் போனபோது குன்னூருக்குப் பக்கத்தில் வெல்லிங்டன் என்று ஒரு ராணுவ ஊரைப் பார்த்தேன். அதுவும் இவர் பெயரா? இவர் அரசியலிலும் இருந்தாரா?

பழைய வாத்தியார்:
ஆமாம் தம்பி. ஆர்தருக்கு 1814இல் கிடைத்த பட்டம் வெல்லிங்டன் கோமகன். அந்த மலை ஊருக்குத் தம்பியின் பட்டம், நம் கரைக்கு அண்ணனின் பெயர். வாட்டர்லூ அடுத்த ஆண்டு, 1815 ஜூன் 18.

அரசியல் அவருக்கு முதலிலிருந்தே உண்டு, 1790இலேயே அயர்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர். 1828இல் பிரதமரானார். மறுவருடம் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தைத் திறந்துவிட்டார். சொந்தக் கட்சியிலேயே கடும் எதிர்ப்பு, ஒரு பிரபுவோடு கைத்துப்பாக்கிச் சண்டைக்கே போக வேண்டியிருந்தது. அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் 1830இல் தேர்தல் முறையை மாற்றவே தேவையில்லை என்று மேலவையில் பேசினார். இரண்டே வாரத்தில் ஆட்சி போனது. சாதாரண மனிதனுக்கு ஓட்டு எதற்கு என்று நினைத்தவரை என்னால் கொண்டாட முடியாது. மறுவருடம் மக்கள் அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்தபோது உள்ளே மனைவியின் உடல் கிடந்தது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

கிரியான் கரை:
ரொம்ப நன்றி ஐயா. மகனுக்குப் படித்துக் காட்டினேன். தோப்புக் கதையை இரண்டாவது தடவையும் கேட்டான். பத்திரத்தைப் பற்றிச் சொல்லவில்லையே?

பழைய வாத்தியார்:
மறந்துவிட்டேன், மன்னிக்கணும். லேமினேட் வேண்டாம் தங்கச்சி, சூட்டில் மை போய்விடும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிசலில் டேப்பும் ஒட்டாதீர்கள். முதலில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். மெதுவாக விரித்து, தடித்த வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவில் படுக்கையாக வையுங்கள். தகரப் பெட்டி துருப்பிடிக்கும், அதில் திரும்ப வைக்காதீர்கள்.