திருவிழாக் கூட்டம், மலைக்காட்சி, பனோரமா: எங்கே கிழிகிறது, ஏன் கிழிகிறது? அனுபவப் பகிர்வு

அகலத்திரை:
கோடை வந்தால் இரண்டு வகைப் படங்கள் குவியும். ஒன்று திருவிழா: ஊர்வலம், ராட்டினம், வாணவேடிக்கை. இன்னொன்று இரண்டு நாள் விடுமுறையில் போய்வந்த மலை, ஏரி, அருவி. ஒரே ஃபிரேமில் அடங்கவில்லை என்று பனோரமா எடுக்கிறோம். பிறகு பெரிதாக்கிப் பார்த்தால் ஒருவருக்கு மூன்று கை, பக்கத்தில் தலை இல்லாத நாய், வாழைப்பழம் போல வளைந்த அடிவானம். எந்தக் கோளாறை எதிர்கொண்டீர்கள், அதற்கு என்ன காரணம், எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். "அருமை" என்ற பதில்கள் வேண்டாம். எண்ணோடு எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

மூன்றுகால்:
ஃபோன் பனோரமா கூட்டத்தில் சொதப்பக் காரணம் ஒன்றுதான். அது ஒரு கணத்தின் படமே இல்லை. நீங்கள் திருப்பத் திருப்ப கேமரா எடுத்துக்கொண்டே போகும்; ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய செங்குத்துக் கீற்றை உருவி வரிசையாக ஒட்டும். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே பத்து விநாடிக்கு மேல் ஓடியிருக்கலாம்.

நீங்கள் திருப்பும் திசையிலேயே நடப்பவர் பல கீற்றுகளில் விழுவார், படத்தில் ரயில்பெட்டி மாதிரி நீளுவார். எதிரே வருபவர் நாலைந்து கீற்றில் முடிந்து ஒட்டடைக்குச்சி ஆகிவிடுவார். எனவே ஊர்வலத்தை ஃபோனின் பனோரமா முறையில் எடுத்தே ஆகவேண்டும் என்றால், ஊர்வலம் வரும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். மெலிந்தவர்களைக் கண் மன்னித்துவிடும், நீண்டவர்களை மன்னிக்காது. பெரும்பாலான ஃபோன்களில் திரையிலுள்ள அம்புக்குறியைத் தட்டினால் திசை மாறும்.

ஆனால் கூட்டத்துக்கு அந்த முறையே வேண்டாம் என்பது என் கட்சி. தனித்தனிப் படமாக எடுத்து மென்பொருளில் ஒட்டுங்கள். ஃபோனை நெட்டாகப் பிடித்தால் முதன்மை லென்ஸ் (26 மி.மீ. அளவு) அகலவாக்கில் சுமார் 53 டிகிரி பார்க்கும். 40 சதவீதம் ஓவர்லாப் (அடுத்தடுத்த படங்களில் பொதுவாக வரும் பகுதி) வைத்தால் ஒவ்வொரு நகர்வும் 32 டிகிரி. அரைவட்டத்துக்கு ஐந்தே படம் போதும். கணக்கு அவ்வளவுதான், கஷ்டமெல்லாம் காத்திருப்பதில். ஒவ்வொரு நிலையிலும் மூன்று நான்கு முறை அழுத்துங்கள். ஓவர்லாப் விழும் பகுதியில் ஆளில்லாத இடைவெளி வரும்போது ஒன்றாவது சிக்க வேண்டும். ஒட்டுக்கோடு அந்த இடைவெளி வழியாகப் போகும். முக்கியமான ஆட்டக்காரரோ அலங்கார வண்டியோ ஏதாவது ஒரு ஃபிரேமின் நடுவில் முழுதாக இருக்கட்டும். இரண்டு ஃபிரேமுக்கும் பங்கு போட்டால் கண்டிப்பாகக் கிழியும்.

முதல் படத்துக்கு முன் திரையை நீண்ட நேரம் அழுத்தி ஃபோக்கஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பல ஃபோன்களில் அந்தப் பூட்டு ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, தொடாது. ப்ரோ முறை இருந்தால் 5,200 கெல்வின் பக்கம் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் வானம் நீலமாகவும் மறுபக்கம் பச்சை ஓடியும் வரும்.

புதுவரவு:
ஆளே அசையாத இடத்திலும் பந்தல் கால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. கைப்பிடிக் கம்பி வெட்டுப்பட்டு நிற்கிறது. ஓவர்லாப் 50 சதவீதம் வைத்தும் சரியாகவில்லையே?

நிழலோரம்:
ஓவர்லாப் கூட்டினால் இது போகாது புதுவரவு, இது பாரலாக்ஸ். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பினால் ஃபோன் ஒன்றரை இரண்டடி ஆரத்தில் வளைந்து பயணம் போகிறது. லென்ஸ் இருக்கும் இடமே மாறுவதால், அருகிலுள்ள கம்பி தொலைவிலுள்ள கோபுரத்தை ஒரு படத்தில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் மறைக்கும். இரண்டையும் பொருத்த எந்த மென்பொருளாலும் முடியாது.

செலவில்லாத வழி கொத்தனாரின் தூக்குக்குண்டு. லென்ஸுக்கு நேர்கீழே ஒரு நூலைக் கட்டி, நுனியில் சாவியைத் தொங்கவிடுங்கள். தரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, சாவி அந்தக் கல்லின் மேலேயே நிற்கும்படி ஃபோனைச் சுற்றி நீங்கள் நகருங்கள். ஃபோன் அச்சு, நீங்கள்தான் சுற்றுகிறீர்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ட்ரைபாட் வைத்திருப்பவர்கள் லென்ஸின் நுழைவுக் கண்மணியை (முன்னாலிருந்து பார்த்தால் ஒளி நுழையும் துளை தெரியும் இடம்) சுற்றித் திருப்ப வேண்டும். வழக்கில் எல்லோரும் நோடல் பாயின்ட் என்கிறோம். ஒளியியல்படி அது வேறு. கண்டுபிடிக்கும் விதம்: ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு குச்சி, வெகுதொலைவில் ஒரு விளக்குக் கம்பம், இரண்டும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கேமராவை இடமும் வலமும் திருப்புங்கள். குச்சி கம்பத்தை விட்டு விலகினால், நீளப் பட்டையில் கேமராவை முன்னோ பின்னோ தள்ளுங்கள். எவ்வளவு திருப்பினாலும் விலகாத இடம் வந்ததும் பட்டையில் பேனாவால் கோடு போட்டு, லென்ஸ் பெயரையும் எழுதிவிடுங்கள். ஜூம் லென்ஸில் ஒவ்வொரு குவியத்தூரத்துக்கும் தனிக் கோடு வேண்டும்.

மூன்று நான்கு மீட்டருக்குள் எதுவுமே இல்லாத மலைமுகட்டில் இந்தப் பாடு எதுவும் தேவையில்லை.

பனிமூட்டம்:
மலைக்கு வேறு பாடுகள் இருக்கின்றன. முதலாவது போலரைசர், லென்ஸ் முன் மாட்டும் ஒரு ஃபில்டர். நீலத்தைக் கூட்டும் என்று மாட்டிவிட்டுப் போவார்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளிய வானத்தில்தான் அதன் வேலை உச்சம். அரைவட்டப் படத்தில் நடுவில் மட்டும் கருநீலத் திட்டு விழுந்து, இரு பக்கமும் வெளிறும். கழற்றிப் பையில் போடுங்கள்.

இரண்டாவது வளைந்த அடிவானம். கேமராவைச் சற்று மேலே தூக்கியோ கீழே சாய்த்தோ சுற்றினால் வரும் வளைவு அது. ட்ரைபாட் தலையில் உள்ள குமிழை மட்டும் நம்பாதீர்கள். தலைக்குக் கீழே உள்ள தளம் மட்டமாக இல்லையென்றால் திரும்பத் திரும்பச் சாயும். கால்களைச் சரிசெய்து தளத்தை மட்டமாக்குங்கள், பிறகு தலையை. ஏரிக்கரையில் இந்தத் தவறு உடனே தெரியும், தண்ணீர் சரிந்து கொட்டுவது போல இருக்கும்.

எக்ஸ்போஷரைச் சூரியன் பக்கத்து ஃபிரேமை வைத்துத் தீர்மானியுங்கள். வெளுத்துப்போன மேகத்தை மீட்க முடியாது. இருண்ட பள்ளத்தாக்கை ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) மேலே தூக்கலாம். மேகநிழல் ஓடும் நாளில் மொத்த வரிசையையும் அரை நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே சரிவு ஒரு படத்தில் வெயிலும் அடுத்ததில் நிழலுமாக நிற்கும். தொடங்கும் முன் உள்ளங்கையை ஒரு படம், முடிந்ததும் ஒரு படம் எடுங்கள். நானூறு படத்துக்கு நடுவில் எது எந்த வரிசை என்று தேடி அலைய வேண்டாம்.

டெலி லென்ஸில் தொலைமலையை எடுப்பவர்கள் காலையிலேயே முடித்துவிடுங்கள். நிலம் சூடேறியதும் காற்று அலையத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு ஃபிரேமும் வேறுவேறு அளவில் குழம்பியிருக்கும். அதை ஃபோக்கஸ் தவறு என்று நினைத்து லென்ஸைத் திட்டுவதுதான் வழக்கம்.

அருவிக்குத் தனி வித்தை எதுவும் வேண்டாம். என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போட்டு ஷட்டரை அரை விநாடிக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் பட்டாகிவிடும், ஒட்டு தெரியாது.

இரட்டைக்கண்:
இவ்வளவு கணக்கு எதற்கு, 360 கேமரா ஒரே அழுத்தில் எல்லாத் திசையையும் எடுக்கிறதே என்று யாராவது கேட்பதற்குள் நானே கேட்டுவிடுகிறேன். கூட்டத்துக்கு அதுதான் சரி. முன்னும் பின்னும் இரண்டு மீன்கண் லென்ஸ், ஒவ்வொன்றும் 180 டிகிரிக்கு மேல் பார்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் எடுப்பதால் நீண்ட ஆள், மெலிந்த ஆள் தொல்லை கிடையாது.

கிழிவது ஒட்டுக்கோட்டில் மட்டும்தான். இரண்டு லென்ஸும் ஒரே இடத்தில் இல்லை, சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. எனவே பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குள் வந்த முகம் பிளந்துவிடும். முக்கியமானவரை ஒரு லென்ஸுக்கு நேராக நிறுத்துங்கள். கேமராவின் விளிம்பு அவரைப் பார்க்கக் கூடாது. சூரியனும் விளிம்புப் பக்கம் வேண்டாம். இரண்டு லென்ஸிலும் வேறுவேறு மாதிரி ஃபிளேர் (ஒளிச்சிதறல்) அடித்து வானத்தில் நேர்க்கோடு விழும்.

செல்ஃபி ஸ்டிக் மறைவதில் மாயம் எதுவும் இல்லை. இரண்டு லென்ஸும் பார்க்காத இடுக்கில் அது ஒளிந்திருக்கிறது. கேமராவுக்கு நேர்கோட்டில் இருந்தால்தான் மறையும். சாய்த்துப் பிடித்தாலோ, தடித்த பிடி மாட்டினாலோ எட்டிப் பார்க்கும்.

உயரம் தலைக்குச் சற்று மேலே போதும். மூன்று மீட்டருக்குத் தூக்கினால் உச்சந்தலைகளின் வயல்தான் கிடைக்கும். தரையில் நிறுத்தினால் அடியில் தண்ணீர் பாட்டில் பையைத் தொங்கவிடுங்கள், காற்றில் சாய்ந்தால் துருத்திய லென்ஸ்தான் முதலில் தரையைத் தொடும். வெயிலில் தொடர்ந்து 8கே வீடியோ ஓடவிட்டால் சூடேறி நின்றுவிடும். துண்டு துண்டாக எடுங்கள்.

மூன்றுகால்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள் இரட்டைக்கண். 360 கேமராவின் 5.7கே வீடியோ என்பது முழு வட்டத்துக்கும் சேர்த்து 5,760 பிக்சல். அதில் 90 டிகிரியை வெட்டினால் கையில் இருப்பது 1,440. 8கே என்றாலும் 1,920தான். திரையில் சுற்றிப் பார்க்க நன்றாயிருக்கும், அச்சுக்கு உதவாது. நான் மேலே சொன்ன ஃபோனின் ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் 12 மெகாபிக்சல் என்றால், அரைவட்டத்துக்கு ஏறக்குறைய 9,500 பிக்சல் அகலம் தரும். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் சுமார் 32 அங்குலம்.

இரட்டைக்கண்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஐந்து படத்துக்கு ஆளில்லாத இடைவெளிக்குக் காத்திருப்பதற்குள் ஊர்வலம் தெருமுனை தாண்டிவிடும்!

பட்டறைவாசி:
பொறுமையோடு எடுத்தால் கூட்டமும் ஒட்டும். 2009இல் ஒபாமா முதன்முறை பதவியேற்றபோது டேவிட் பெர்க்மன் கேனன் ஜி10 என்ற கையடக்கக் கேமராவை கிகாபேன் என்ற தானியங்கித் தலையில் பூட்டி 220 படங்கள் எடுத்தார். ஒட்டி முடித்த படம் 1,474 மெகாபிக்சல். விலை உயர்ந்த கேமரா இல்லாமலே கூட்டத்தில் முகம் முகமாகப் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது. அங்கே பெரும்பாலானவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள் என்பது பாதி வெற்றி.

குழுப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம். 1904இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா ட்ரைபாடின் மேல் தானே சுழன்று நீளப் பிலிமில் படம் பிடிக்கும். ஆட்களை நேர்வரிசையில் நிறுத்தினால் நடுவில் பெரிதாகவும் ஓரங்களில் சிறுத்தும் வரும். அதனால் கேமராவைச் சுற்றி வில்லாக நிறுத்துவார்கள், படத்தில் நேர்வரிசையாக விழும். ஃபோனுக்கும் இதே விதிதான். குறும்புப் பையன்கள் இடக்கோடியில் நின்று, கேமரா திரும்புவதற்குள் பின்பக்கமாக ஓடி வலக்கோடியிலும் நிற்பார்களாம். ஃபோனிலும் இது நடக்கும், முயன்று பாருங்கள்.

இனி ஒட்டும் வேலை. லைட்ரூம் எளிது, ஆனால் ஒட்டுக்கோடு எங்கே போகவேண்டும் என்று அதனிடம் சொல்ல முடியாது. பிடிகுய், ஹகின் என்ற ஒட்டு மென்பொருள்கள் இரண்டிலும் மாஸ்க் (எதை எடுக்க, எதை விட என்று படத்தில் வரைந்து காட்டும் வசதி) உண்டு. ஹகின் இலவசம். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நின்றால் ஒரு படத்தில் அவர்மேல் விலக்கு மாஸ்க் வரையுங்கள்; முழுதாக வேண்டிய ஆளின்மேல் சேர்ப்பு மாஸ்க். பாதி உடல் பிரச்சினையெல்லாம் இத்தோடு தீரும். அடிவானம் வளைந்திருந்தால் இரண்டு மூன்று படங்களில் விளக்குக் கம்பத்தின் மேலும் கீழும் செங்குத்துப் புள்ளிகள் வைத்து மறுபடி ஆப்டிமைஸ் செய்யுங்கள், அதாவது பொருத்தத்தைத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள். வானமும் கடலும் மட்டும் உள்ள ஃபிரேம்களில் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. எடுக்கும்போதே ஓரத்தில் ஒரு பாறையோ படகோ வரட்டும்.

புரொஜெக்‌ஷன், அதாவது சுற்றிய காட்சியைத் தட்டையாக விரிக்கும் முறை: 100 டிகிரிக்குள் ரெக்டிலீனியர் (நேர்க்கோட்டை நேராகவே வைக்கும்), அதற்கு மேல் சிலிண்ட்ரிக்கல் (உருளையில் சுற்றியது போல). கடைத்தெரு மாதிரி நேர்க்கோடு நிறைந்த காட்சி 130, 140 டிகிரி வந்தால் பனினி. சிலிண்ட்ரிக்கலில் வளைந்து நிற்கும் தெரு இதில் ஓரளவு நிமிரும்.

இரவுவேலை:
இரவுக்கு நான். எல்இடி விளக்கு உள்ள மேடையில் ஃபிரேமுக்கு ஃபிரேம் கறுப்புப் பட்டை வந்தால் ஷட்டரை மின்சாரத்தோடு பொருத்துங்கள். 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. அப்படியும் போகாத விளக்குகள் உண்டு, அவற்றுக்கு ஷட்டரை இன்னும் மெதுவாக்குவதே வழி.

ராட்டினம் ஒரே ஃபிரேமுக்குள் முழுதாக அடங்க வேண்டும். அடங்கவில்லையா, வரிசை முழுவதையும் அகல லென்ஸில் எடுங்கள். பாதிச் சக்கரம் ஒரு கோணத்தில், மீதி வேறு கோணத்தில் நின்றால் மாஸ்க்கும் காப்பாற்றாது.

வாணவேடிக்கையைப் பனோரமாவாக எடுக்க முயலாதீர்கள். வெளிச்சம் முழுதாக மங்கும் முன், நீலம் இருக்கும்போதே அடிப்படை வரிசையை எடுத்து முடியுங்கள். பிறகு வெடி எழும்பும் திசையில் கேமராவைப் பூட்டி, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 முதல் 11, மூன்று முதல் ஆறு விநாடி. ரிமோட் இல்லாமல் தொடாதீர்கள். நல்ல வெடி இரண்டு மூன்றைத் தேர்ந்து, ஒட்டிய படத்தின் மேல் லைட்டன் முறையில் (எது வெளிச்சமோ அது மட்டும் தெரியும்) அடுக்குங்கள். முதல் பத்து நிமிடத்து வெடிகள்தான் சுத்தமாக வரும், அதன்பின் புகை அவற்றை விழுங்கிவிடும். காற்று உங்கள் முகத்துக்கு வீசினால் இடத்தை மாற்றுங்கள்.

புதுவரவு:
360 படத்தில் ஒரு கம்பியை அழித்துவிட்டுச் சேமித்தேன். இப்போது சுற்றிப் பார்க்க வரவில்லை, தட்டையான நீளப் படமாகத்தான் திறக்கிறது.

பட்டறைவாசி:
இது 360 படம் என்று கோப்புக்குள் இருந்த குறிப்பு அழிந்துவிட்டது. முதலில் படம் சரியாக 2:1 விகிதத்தில் இருக்கிறதா பாருங்கள், ஒரு பிக்சல் வெட்டியிருந்தாலும் மீண்டும் சரிசெய்யுங்கள். பிறகு எக்ஸிப்டூல் என்ற, படக்குறிப்புகளைத் திருத்தும் மென்பொருளில் புரொஜெக்‌ஷன் டைப் என்ற டேகுக்கு ஈக்விரெக்டாங்குலர் என்ற மதிப்பைக் கொடுங்கள், சுற்றும். அரட்டைச் செயலிகளில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு மறுபடி உதிரலாம். கோப்பாக, அதாவது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பெரிய கோப்புகளைச் சேமிப்பவர்களுக்கும் இதையே சேர்த்துவிடுகிறேன்: ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு ஒரு விளிம்புக்கு 30,000 பிக்சலில் நின்றுவிடும், ஜேபெக் 65,535இல். அதற்கு மேல் போனால் அதன் பெரிய கோப்பு வகையான பிஎஸ்பியாக (PSB) சேமியுங்கள், 3,00,000 வரை தாங்கும்.