வேற கம்பெனிக்காரருக்கு தொழில் நுணுக்கம் சொல்லிக்குடுத்தது தப்பா?

கிரீஸ்கை:
வணக்கம் மக்களே. பன்னண்டு வருஷ சர்வீஸ்ல முதல் தடவையா மெமோ வாங்கிட்டேன், அந்த கடுப்புல எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க. நான் மெயின்டனன்ஸ் ஆளு. எங்க பிளான்ட்ல காத்து ஊதுற ஒரு பெரிய ப்ளோயர், அதோட மோட்டார்ல சுத்துற தண்ட (ஷாஃப்ட்ட) தாங்குற பேரிங் மூனு நாலு மாசத்துக்கு ஒருக்கா போய்க்கிட்டே இருந்துச்சு. கிரீஸ் மாத்தினோம், அலைன்மென்ட் பாத்தோம், வேற பிராண்ட் போட்டோம், சப்ளையர்கூட சண்டையும் போட்டாச்சு, ஒன்னும் நடக்கல. கடைசில கழட்டின பேரிங்க தூக்கி போடாம அறுத்து பாத்தேன், உள்ள இரும்புக் குண்டு ஓடுற பாதையில சலவைப் பலகை மாதிரி வரிவரியா கோடு. அப்பதான் பொறி தட்டுச்சு. மோட்டார் வேகத்த கூட்டிக் குறைக்க விஎஃப்டிங்கற கருவிய மாட்டினதுக்கு அப்புறம்தான் இந்த வியாதியே வந்துருக்கு, அதுலேந்து வர்ற வோல்டேஜ் ஷாஃப்ட்ல ஏறி பேரிங் வழியா பொறிப்பொறியா எர்த்துக்கு பாயுது, பாயுற எடமெல்லாம் உருகி குழி விழுது. ரெண்டு பக்கமும் கரன்ட் பாயாத இன்சுலேட்டட் பேரிங் போட்டேன், ஒன்னே கால் வருஷமா மோட்டார் கம்முனு ஓடுது (ப்ளோயர் பக்கம் இப்ப லேசா ஒரு சத்தம் வருது, அது வேற கதை).

ஒரு ட்ரெயினிங்ல பழக்கமான பல கம்பெனி மெயின்டனன்ஸ் ஆளுங்க சேந்து வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். அதுல ஒருத்தர், எங்களுக்கு நேர் போட்டி கம்பெனி, அதே மாதிரி கோடு விழுந்த பேரிங் போட்டோ போட்டு தலைய பிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் காரணத்த எழுதி, நான் செஞ்ச வேலையோட போட்டோவும் போட்டேன். யாரோ புண்ணியவான் அத அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்க பிளான்ட் ஹெட்டுக்கு அனுப்பிட்டான். "எட்டு மாசம் நம்ம காசுல கத்துக்கிட்டத எதிராளிக்கு ஓசில தூக்கி குடுத்துருக்க"ன்னு மெமோ. நான் செஞ்சது தப்பா, நேரா சொல்லுங்க.

தனிமரம்:
நேரா கேட்டதால நேரா சொல்றேன் தம்பி, தப்புதான். அந்த எட்டு மாசமும் உனக்கு சம்பளம் யாரு குடுத்தா? பேரிங் பேரிங்கா வீணாப்போன செலவு யாரு கணக்குல போச்சு? எதிராளி அதே எட்டு மாசத்த ஒரு மெசேஜ்ல தாண்டிட்டான். உனக்கு ஒரு தம்ஸ் அப் எமோஜி கெடச்சிருக்கும்.

மூன்றாம்ஷிப்ட்:
ஐயோ என்னங்க இது. விஎஃப்டி பேரிங்க கடிக்கும்ங்கறது பேரிங் விக்கிற கம்பெனியோட கேட்லாக்லயே போட்டிருக்கான், இதுல என்ன பரம ரகசியம்? வோல்வோ 1959ல மூனு முனை சீட் பெல்ட் கொண்டு வந்தான், நில்ஸ் போலின்னு ஒரு இன்ஜினியர் வடிவமைச்சது, பேட்டன்ட் கையில இருந்தும் மத்த கார் கம்பெனிங்க எல்லாரையும் போட்டுக்க விட்டான். இன்னைக்கு எந்த கார்ல ஏறினாலும் அந்த பெல்ட்டுதான். அதுனால வோல்வோ என்ன தெருவுக்கா வந்துட்டான்?

சட்டக்கிறுக்கன்:
மூன்றாம்ஷிப்ட், உதாரணம் நல்லாத்தான் இருக்கு ஆனா இந்த கேஸுக்கு ஒட்டல. வோல்வோல கதவ தொறந்து விட்டது கம்பெனி, போலின் தனியா ராத்திரியோட ராத்திரி வரைபடத்த கைமாத்தல. கிரீஸ்கை கேஸ்ல கம்பெனிய யாரும் கேக்கவே இல்ல. சேரும்போது ரகசியம் காப்பேன்னு ஒரு பேப்பர்ல எல்லாரும் கையெழுத்து போட்டிருப்போம், படிச்சிருக்க மாட்டோம். பொதுவா நீங்க கத்துக்கிட்ட திறமை உங்களோடது, கம்பெனியோட கணக்கு, வாடிக்கையாளர் லிஸ்ட், டிராயிங், செட்டிங் இதெல்லாம் அவங்களோடது. நடுவுல இருக்கறதுலதான் கோர்ட்டே முழிக்கும்.

ஒரு கேள்வி ப்ரோ, நீங்க போட்ட அந்த போட்டோல வேற என்னென்ன தெரிஞ்சுது?

ரன்வேராணி:
நான் விமான மெயின்டனன்ஸ். எங்க ஆளுங்க இந்த பஞ்சாயத்த படிச்சா சிரிப்பாங்க. அமெரிக்காவுல 1976லேந்து ஏஎஸ்ஆர்எஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கு, பைலட், கன்ட்ரோலர், மெக்கானிக் யாரு வேணா தான் செஞ்ச தப்ப, தப்பிச்ச கண்டத்த எழுதி அனுப்பலாம். நடத்துறது நாசா, விமானத்துறைய கண்காணிச்சு தண்டனை குடுக்குற அதிகாரம் உள்ள அரசு அமைப்பான எஃப்ஏஏ இல்ல, அதுதான் அதோட சூட்சுமமே. பேர எடுத்துட்டு விஷயத்த மட்டும் எல்லாருக்கும் விடுவாங்க. டிக்கெட் விலையில அடிச்சுக்கிற ஏர்லைன்ஸ்காரங்க கூட இதுல அடிச்சுக்கறதில்ல, ஏன்னா நாளைக்கு விழுற பிளேன் யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது.

மறைச்சா என்னாகும்னு பாக்கணும்னா சேம்பர்லென் குடும்பத்த பாருங்க. பிரசவத்துல குழந்தைய பத்திரமா எடுக்குற ஆயுதம், ஃபோர்செப்ஸ், அவங்க கையில இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல குடும்ப ரகசியமாவே வச்சிருந்தாங்க. நல்லா சம்பாதிச்சாங்க, சரி. அத்தன வருஷமும் மத்த மருத்துவச்சிங்க கையில செத்தவங்கள யாரு எண்ணினா?

தனிமரம்:
ராணி மேடம், உயிர் போற விஷயத்தயும் ஒரு ப்ளோயர் மோட்டாரையும் ஒன்னா சேக்காதீங்க. நீங்க சொன்ன ஏஎஸ்ஆர்எஸ்லயே பேர எடுத்துட்டுதான் விடுறாங்க, சொன்னவன காப்பாத்த ஒரு ஏற்பாடு இருக்கு. இந்த தம்பிக்கு யாரு ஏற்பாடு பண்ணா? மெமோவுல அவன் பேருதான் இருக்கு.

சொல்லக்கூடாதுன்னு இருந்தேன், சொல்லிடுறேன். பத்தொம்பது வருஷம் ஒரே எடத்துல இருந்தேன். ஒரு நாள் "அறிவ பகிருங்க, ஒரே குடும்பம்"னு ஆரம்பிச்சாங்க, இன்னொரு பிரிவுலேந்து நாலு பசங்கள அனுப்பினாங்க. நல்ல பசங்க, குறை சொல்ல மாட்டேன். எந்த மெஷின் எந்த சத்தம் போட்டா என்ன அர்த்தம், எந்த வால்வு மேனுவல்ல ஒன்னு சொல்லி நெசத்துல வேற மாதிரி நடந்துக்கும், எல்லாத்தையும் வீடியோ எடுத்து, நோட்டு போட்டு, ஆறு மாசம் உக்காந்து குடுத்தேன். ஏழாவது மாசம் என் போஸ்ட்ட எடுத்துட்டாங்க. செண்ட் ஆஃப்ல ஒரு கேடயம் குடுத்தாங்க, அதுல என் பேர தப்பா அடிச்சிருந்தாங்க. இப்ப சொந்தமா சர்வீஸ் பண்றேன், ஒரு விசிட்டுக்கு இவ்வளவுன்னு. அதே கம்பெனி போன வருஷம் கூப்பிட்டான், டபுள் ரேட் சொன்னேன், குடுத்தான். அதுனால பகிருங்க பகிருங்கன்னு யாராவது சொன்னா முதல்ல அவன் எத பகிர்றான்னு பாருங்க. லாபத்த பகிர்றானா?

கிரீஸ்கை:
அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுதவே தோணல. ஆனா ஒன்னு, நான் மேல இருக்கறவன் சொல்லி குடுக்கல. என்ன மாதிரியே கிரீஸ் கையோட ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் முன்னாடி நின்ன ஒருத்தன் கேட்டான். நானும் அதே குரூப்ல எவ்வளவோ கேட்டு வாங்கியிருக்கேன், கணக்கு பாத்தா எங்க கம்பெனி அந்த குரூப்புக்கு கடன்தான் பட்டிருக்கும்.

பழையநட்டு:
தனிமரம் ஐயா சொன்னது வலிக்குது, ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 1997 பிப்ரவரி 1, ஜப்பான்ல ஐசின்னு ஒரு கம்பெனியோட பேக்டரி தீப்பிடிச்சு எரிஞ்சிருச்சு. டொயோட்டா காருக்கு பிரேக்ல போற பி-வால்வுன்னு ஒரு சின்ன உருப்படி, கிட்டத்தட்ட மொத்தமும் அந்த ஒரே எடத்துலேந்துதான் போய்க்கிட்டு இருந்துச்சு. டொயோட்டா கையிருப்பு வச்சுக்கற பழக்கமே இல்லாத கம்பெனி, அதுனால கொஞ்ச நேரத்துக்குதான் சரக்கு, லைன் லைனா நின்னு போச்சு. ஐசின் என்ன பண்ணான்னா தன்னோட டிராயிங்க எல்லாம் கேக்கறவனுக்கெல்லாம் தூக்கி குடுத்துட்டான். வாங்கினவங்கள்ல ஒருத்தனுக்கொருத்தன் போட்டியா இருந்தவனும் உண்டு. தையல் மெஷின் செய்யிற பிரதர் கம்பெனி, கார் பார்ட்டே செஞ்சதில்ல, அவனும் இருக்கற மெஷின வச்சு வால்வு கடைய ஆரம்பிச்சுட்டான். எவனுக்கு எங்க தட்டுச்சோ அத மத்தவனுக்கு சொன்னான், யாரும் முதல்ல ரேட் பேசல. சில நாள்லயே வால்வு வர ஆரம்பிச்சு, ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள கார் பழையபடி ஓட ஆரம்பிச்சிருச்சு. ரகசியம்னு பூட்டி வச்சிருந்தா அந்த டிராயிங் சாம்பலோட சாம்பலா போயிருக்கும்.

தனிமரம்:
பழையநட்டு, முழுசா சொல்லுங்க. அப்புறம் செலவ ஏத்துக்கிட்டாங்க, டொயோட்டா சப்ளையருக்கெல்லாம் மேல பணமும் குடுத்துச்சு. குடுப்பாங்கன்னு நம்பிக்கை இருந்ததாலதான் ரேட் பேசாம இறங்கினாங்க. நம்பிக்கை இல்லாத எடத்துல நடக்கற கதைய நான் சொல்றேன். ஓபன்எஸ்எஸ்எல்னு ஒரு சாப்ட்வேர், பேங்க், மெயில், கடைன்னு ஏகப்பட்ட வெப்சைட்டுக்கு பூட்டே அதுதான், எல்லாருக்கும் ஓசி. 2014ல ஹார்ட்ப்ளீட்னு பெரிய ஓட்டை கண்டுபிடிச்சாங்க. அப்பதான் வெளிய தெரிஞ்சுது, முழு நேரமா அதுல வேலை பாத்தது ஒரே ஒருத்தர், வருஷத்துக்கு வந்த நன்கொடை 2000 டாலர் மாதிரி. அத வச்சு கோடி கோடியா சம்பாதிச்சவன் ஒருத்தனும் எட்டி பாக்கல.

மூன்றாம்ஷிப்ட்:
ஓட்டை தெரிஞ்சதும் கூகுள், மைக்ரோசாப்ட், ஃபேஸ்புக் எல்லாம் ஒன்னா சேந்து அந்த மாதிரி ப்ராஜெக்டுக்கு பணம் போட்டாங்களே, அதையும் சொல்லுங்க.

தனிமரம்:
வீடு எரிஞ்சப்புறம் பக்கெட் தூக்கிட்டு வந்தாங்க, ஆமா.

பழையநட்டு:
நீராவி இன்ஜின் கதை தெரியுமா? இங்கிலாந்துல கார்ன்வால் சுரங்கம். ஜேம்ஸ் வாட் பேட்டன்ட் 1800ல முடியிற வரைக்கும் அங்க ஒரே கேஸும் சண்டையுமா ஓடுச்சு. 1811லேந்து லீன்ஸ் இன்ஜின் ரிப்போர்ட்டர்னு மாசாமாசம் ஒரு அறிக்கை, எந்த சுரங்கத்துல எந்த இன்ஜின், இவ்வளவு கரிக்கு எவ்வளவு தண்ணி தூக்குச்சு, கூடவே அதுக்கு பொறுப்பான இன்ஜினியர் பேரு. போட்டி சுரங்கங்களே இஷ்டப்பட்டு தன் கணக்க குடுத்தாங்க. ஒருத்தன் நீராவி அழுத்தத்த ஏத்தி ஜெயிச்சா அடுத்த மாசம் எல்லாரும் பாப்பாங்க, அதுக்கு மேல இன்னொருத்தன் ஒன்னு பண்ணுவான். இப்படியே சில பத்து வருஷத்துல அதே கரிக்கு பல மடங்கு தண்ணி ஏறுச்சு. கரிய வெளியூர்லேந்து காசு குடுத்து கொண்டு வந்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு பாத்துக்கோங்க.

தனிமரம்:
பாத்தீங்களா, பேரு போட்டாங்க. நல்லா ஓட்டினவன தேடி அடுத்த சுரங்கத்துக்காரன் வேலை குடுக்க வருவான். குடுத்தவனுக்கும் ஏதோ வருது. இதுக்கு நான் எதிரி இல்ல. என் நோட்டுலயும் பேரு போட்டுருந்தா, அட சரியா போட்டுருந்தா, இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

சட்டக்கிறுக்கன்:
கிரீஸ்கை, என் கேள்விய தாண்டி போயிட்டீங்க. போட்டோ?

கிரீஸ்கை:
இப்ப எடுத்து பெருசு பண்ணி பாத்தேன். பின்னாடி லைன் நம்பர் பலகை, விஎஃப்டி டிஸ்ப்ளேல ஓடுற ஸ்பீடு, ஓரத்துல அன்னைக்கு புரொடக்ஷன் எழுதற போர்டு பாதி தெரியுது. கவனிக்கல சார். இது தப்புதான், ஒத்துக்கறேன். விஷயத்த சொன்னதுக்கு இல்ல, போட்டோ போட்டதுக்கு.

சட்டக்கிறுக்கன்:
அப்ப மெமோக்கு பதில் அப்படியே பிரிச்சு எழுதுங்க. போட்டோக்கு வருத்தம், பொதுவான தொழில் அறிவு பகிர்ந்ததுக்கு விளக்கம், அப்புறம் எத பேசலாம் எத பேசக்கூடாதுன்னு எழுத்துல ஒரு விதி வேணும்னு கோரிக்கை. விதியே இல்லாம மெமோ குடுக்கறது அவங்க பக்க ஓட்டை.

தனிமரம்:
தம்பி, இத கேக்காம தூக்கம் வராது. ரெண்டு பக்கமும் இன்சுலேட்டட் பேரிங்னு சொன்னியே, ஷாஃப்ட்ல ஏறுற கரன்ட்ட எர்த்துக்கு இறக்க கிரவுண்டிங் ரிங்கோ பிரஷ்ஷோ போட்டியா?

கிரீஸ்கை:
இல்லண்ணா. ரெண்டு பக்கமும் அடைச்சாச்சே, கரன்ட் போக வழி ஏதுன்னு விட்டுட்டேன்.

தனிமரம்:
அங்கதான் கோட்டை விட்ட. ஷாஃப்ட்ல ஏறின வோல்டேஜ் அங்கயே தான் இருக்கும், மோட்டார்ல வழி இல்லன்னா ரெண்டு ஷாஃப்ட்டையும் சேக்குற கப்ளிங் வழியா ப்ளோயர் ஷாஃப்ட்டுக்கு போய் அந்த பேரிங்க கடிக்கும். முதல் பதிவுல ப்ளோயர் பக்கம் சத்தம், வேற கதைன்னு எழுதினியே, அது வேற கதை இல்ல, இதே கதைதான். டிரைவ் பக்கம் கிரவுண்டிங் ரிங் போட்டு மோட்டார் பாடியோட நல்லா சேத்து எர்த் பண்ணு, பெயின்ட்ட சுரண்டிட்டு பண்ணு, எதிர் பக்கம் இன்சுலேஷன் இருக்கட்டும். ப்ளோயர் பேரிங்க கழட்டினா அறுத்து பாரு. அந்த போட்டிக் கம்பெனி பையனுக்கும் இத சொல்லிடு, பாதி வைத்தியத்த குடுத்துட்டு வந்திருக்க.

ரன்வேராணி:
தனிமரம் சார், இப்ப ரெண்டு கம்பெனிக்கு ஓசில சொல்லிட்டீங்களே 😄

தனிமரம்:
எனக்குதான் மெமோ குடுக்க ஆள் இல்லையே மேடம். தம்பி, போட்டோ போடாத.