பனிக்கால உருளியா, குளிர் டயரா? (கலைச்சொல் இழை)

அனுப்புவது: ஜோஹனஸ்பர்க்கிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வாகனக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் பிரிட்டோரியா அக்கா கேட்டிருந்தார்:

> ஐரோப்பாவில் குளிர் மாதங்களுக்கென்று தனியாக மாட்டும் டயரை 'பனிக்கால உருளி' என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபணை உண்டா?

உண்டு அக்கா. முன்பாதியிலும் உண்டு, பின்பாதியிலும் உண்டு.

'உருளி'யைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் உருளி என்றால் பாயசம் கிண்டும் வெண்கலப் பாத்திரம். அகராதியில் சக்கரம் என்ற பொருளும் இருக்கிறது. ஆனால் சக்கரம் வேறு, அதன் மேல் மாட்டும் ரப்பர் வேறு. டயர் டயராகவே இருக்கட்டும். பஞ்சர் கடையில் புரியாத சொல் கையேட்டில் எதற்கு?

நீளமாகப் பேச வேண்டியது 'பனிக்கால'த்தைப் பற்றித்தான். முன்பனி மார்கழி, தை. பின்பனி மாசி, பங்குனி. இந்தக் கணக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் செல்லாது. மார்கழியில் ஜோஹனஸ்பர்க்கில் மாலைக்கு மாலை இடிமழை, டர்பனில் வேர்த்துக் கொட்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்களுக்குத் தார்ச்சாலை பாதம் சுடும். நமக்குக் குளிர் ஆனியிலும் ஆடியிலும், மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் நாட்களில். வெண்பனி அதற்கும் கட்டுப்படாது. 2024இல் அது கொட்டியது புரட்டாசியில்.

அந்த வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 20, நானும் சாலையில் இருந்தேன். மறுநாள் புரட்டாசி முதல் சனி. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் சின்னம்மா வீட்டில் தளிகை. என்னுடையது பழைய சிட்டி கோல்ஃப் கார், 13 அங்குலச் சக்கரம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. டர்பன் போகும் என்3 நெடுஞ்சாலையில் வார்டன் என்ற ஊரை நெருங்கும்போது லேசான தூறல்தான், தரையில் பனி ஒரு துளிகூட இல்லை. முன்னால் போன லாரி வேகம் குறைக்க, நானும் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, சோப்புக் கட்டி போல வழுக்கிக்கொண்டு ஓரத்துப் புல்லில் போய் நின்றது. வெண்பனி அதற்குப் பிறகுதான் கொட்டத் தொடங்கியது. வான் ரீனன் கணவாய்ப் பக்கம் சாலையை மூடிவிட்டார்கள். இரவு முழுக்க வண்டிக்குள்தான். சின்னம்மாவுக்காக வாங்கிய வெற்றிலைக் கட்டு விறைத்துப் போயிற்று.

விடிந்ததும் இறங்கி, டயர் பட்டனில், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளில், கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். பதியவே இல்லை. பட்டன் ஆழம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இந்த நாட்டுச் சட்டம் கேட்பதோ ஒரு மில்லிமீட்டர்தான். பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 1114. அதாவது 2014ஆம் ஆண்டின் 11ஆவது வாரம் செய்தது. பத்து வயது! வண்டி வாங்கும்போது பட்டனைப் பார்த்தேனே தவிர, பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. ரப்பர் இறுகியதற்குப் பாதிக் காரணம் முதுமை, பாதிக் காரணம் பிறவிக் குணம்.

அந்தப் பிறவிக் குணத்தில்தான் நம் சொல் இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். காய்ந்த சாலையானாலும் பிடிமானம் குறையும். ஐரோப்பாக்காரர்கள் மாட்டுவதில் ரப்பர்க் கலவையே வேறு. குளிரிலும் இளக்கமாக இருக்கும். பட்டன் கட்டிகளின் மேல் பிளேடால் கீறியது போல மெல்லிய கீற்றுகள் நெருக்கமாக ஓடும். வெண்பனி வந்தால் அந்தக் கீற்றுகளில் போய் அடைந்துகொள்ளும். பனியைப் பனி பிடித்துக்கொள்ளும். ஆக, பனிக்கு உதவுவது கீற்று, குளிருக்கு உதவுவது ரப்பர். முதல் எதிரி குளிர். பெயரில் 'பனி'யை வைத்தால், பனி கொட்டாத வரை கவலையில்லை என்று வாசகர் நினைத்துக்கொள்வார். நான் அப்படி நினைத்துத்தான் புல்லில் போய் நின்றேன்.

இதுவரை குழுவில் வந்த மற்ற சொற்கள்:

'குளிர்பிடி டயர்': சளி பிடித்த டயர் போல ஒலிக்கிறது. 'குளிரிளகி': ஆக்கம் அழகு, ஆனால் மருந்துக் கடையில் மலமிளக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். 'கூதிர் டயர்': சங்கச் சொல், எனக்குப் பிடித்தமானதும்கூட. ஆனால் பட்டறையில் கடைசி எழுத்தை விழுங்கிச் சொன்னால் அடிதடியாகிவிடும்.

நான் முன்வைப்பது 'குளிர் டயர்'. மழைக்கு ஆன கோட்டு மழைக்கோட்டு என்றால், குளிருக்கு ஆன டயர் குளிர் டயர். அதே தொகைதான்.

கூடவே இன்னும் சில. ஆண்டு முழுக்க ஓட்டுவதற்கு 'எப்பருவ டயர்'. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் உள்ள சின்னத்துக்கு 'மும்முகட்டு முத்திரை'. அங்கேயே வரும் எம்+எஸ் (மட் + ஸ்னோ) எழுத்துக்கு 'சேறுபனிக் குறி'. கடைசி இரண்டையும் கலக்கக் கூடாது. மும்முகடு, பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான். சேறுபனிக் குறி, செய்தவரே போட்டுக்கொள்வது. ஜெர்மனியில் பனிச் சாலைக்கு அந்தக் குறி மட்டும் உள்ள டயர் 2024 அக்டோபர் 1 முதல் செல்லாது.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஓர் அடிக்குறிப்பும் போடுங்கள் அக்கா: மாட்டினால் நான்கும் மாட்ட வேண்டும். முன்சக்கர இழுவை வண்டிதானே என்று முன்னால் மட்டும் இரண்டு மாட்டினால், வளைவில் பின்புறம் வீசிச் சுழலும்; அடக்க அந்த வண்டிகளில் எலக்ட்ரானிக் துணை எதுவும் இல்லை. நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தது பனிக்கு உதவாது. குளிரில் காற்றும் இறங்கும், 5 அல்லது 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வீதம்.

என் வண்டிக்குக் குளிர் டயர் வாங்கவில்லை. டர்பன் வெயிலில் மளமளவென்று தேய்ந்துவிடும். மும்முகடு உள்ள எப்பருவ டயர் தேடுகிறேன். 13 அங்குலத்தில் கிடைப்பதுதான் பாடு.

*

அனுப்புவது: டர்பனிலிருந்து

தம்பிக்கு ஆசிகள். 'குளிர் டயர்' என்றால் தொட்டால் சில்லென்று இருக்கும் டயர் என்று என் பேரன் சிரிக்கிறான். காற்றழுத்தம் பார்க்கும்போது 'டயர் குளிர்ந்திருக்க வேண்டும்' என்று கையேடுகள் எல்லாம் சொல்லுமே, அங்கே குழப்பம் வராதா? 'பனி'யின் மேலும் இவ்வளவு கோபம் வேண்டாம். ஜூலு மொழியில் வெண்பனி, ஐஸ்கட்டி இரண்டுக்கும் 'இக்வா' ஒன்றே போதும். (நடுவில் நாக்கைச் சொடுக்க வேண்டும், நம் எழுத்தில் அது அடங்காது.) அவர்கள் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்திலேயே வாழ்கிறவர்கள்.

*

அனுப்புவது: ஜோஹனஸ்பர்க்கிலிருந்து

ஐயா, நியாயமான கேள்வி. அங்கே 'ஆறிய டயர்' என்போம். ஓடிச் சூடான டயர் ஆறுகிறது, சாப்பாடு ஆறுவது போல. பேரனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

*

அனுப்புவது: பிரிட்டோரியாவிலிருந்து

'ஆறிய டயர்' எனக்குப் போதும். 'குளிர் டயர்' என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன், நாற்பத்தொரு இடம். 'எப்பருவ'த்தை மட்டும் அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டு முறை திருத்தப் போனேன், பழகிவிடும். அடுத்து, டயரைச் சுற்றிக் கட்டும் சங்கிலி. 'பனிச்சங்கிலி' என்று போட்டிருக்கிறேன். தரையில் பனி கிடந்தால் மட்டும்தானே அதைக் கட்டுகிறோம். இதிலாவது பனி இருக்கலாமா, தம்பி?