சனிக்கிழமைப் பயிற்சி, இரவுப் பயணம்: பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றி நீங்கள் கண்டதை எழுதுங்கள்

கொழுந்துக்கூடை (ஹட்டன் பக்கம்)

மூன்று வருடமாக இது என்னை விடவில்லை. எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்தில் நான் ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். டவுனிலிருந்து ஒருவர் வந்து பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். தோட்டத் துரையிலிருந்து கோயில் கமிட்டி வரை எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். நம் பிள்ளைகள் மாகாணப் போட்டிக்குப் போனதே அவரால்தான் என்பார்கள்.

அந்தப் பையனுக்கு வயது 13. புத்தகம் கொடுக்க அவர்கள் இருந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனேன். அம்மா மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தார். மழை இருட்டிக்கொண்டு வந்ததால், வெளியில் கிடந்த விறகை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அடுக்க அவனுக்குக் கைகொடுத்தேன். விறகுக்கு அடியில் ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்து. புத்தம் புதியது. உள்ளே திணித்த காகிதம் அப்படியே இருந்தது, நாடாகூடக் கோக்கவில்லை.

“யார் கொடுத்தது?”

“சேர்.”

“ஏன் போடவில்லை?”

“போட்டால் சனிக்கிழமை கூப்பிடும்போது போகவேண்டும் அக்கா.”

தண்ணீர்ப் பீலிப் பக்கம் பார்த்தபடிதான் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி, நனையாமல் வை” என்றேன். அவ்வளவுதான். பிறகு கழகத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதரின் பெயரைக் கெடுக்காதே என்றார். இரண்டு மாதத்தில் பயிற்சியாளர் வருவதை நிறுத்திவிட்டார். இப்போது வேறொரு தோட்டத்தில் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்வி.

மலைமுகில் (பண்டாரவளை)

வாசித்துவிட்டு வேலை ஓடவில்லை. என்னுடையது சிவனொளிபாதமலைப் பயணம். டிசம்பர் பௌர்ணமிக்குத் தொடங்கி வெசாக் வரை நடக்கும் யாத்திரைக் காலத்தில் நம் பக்கத்துக் கழகங்கள் எல்லாம் ஒரு வானாவது பிடித்துப் போகும், உங்களுக்குத் தெரியும். மலையடிவாரத்து நல்லதண்ணியில் இரவு தங்கினோம். பெண்பிள்ளைகளின் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. உதவிக்கு வந்திருந்த அண்ணன் ஒருவர், பாதுகாப்புக்குத் தான் வாசலுக்கு உள்ளே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்லி, பாயைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

காலையில் ஒரு பிள்ளை, 14 வயதிருக்கும், போர்வையை மடித்து என் கையில் கொடுத்தாள். “மிஸ், போன வருடமும் நீங்கள் வந்திருக்கலாம்” என்றாள்.

அதன் பிறகு இரண்டு பெரியவர்கள் இல்லாமல், அதிலும் ஒரு பெண் இல்லாமல், எந்தப் பயணத்துக்கும் நான் சம்மதிப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (தலவாக்கலை)

கொழுந்துக்கூடை, கோபப்படாதீர்கள் மகள். கழகத் தலைவரிடம் போனதுதான் பிழை. பெயரைக் காப்பாற்ற வேண்டியவரிடமே முறையிட்டிருக்கிறீர்கள். என் பாடசாலையிலும் இப்படி ஒன்று நடந்தது, அதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. இரவு பகல் எந்நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை. சாட்சி வேண்டும், நிரூபணம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். விசாரிப்பது அவர்களுடைய வேலை. பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில், திகதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுப் பிள்ளையை வதைக்காதீர்கள். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகவே நீதிமன்றம் ஏற்பதற்கு 1999இலேயே சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு மேசையிலும் அதையே சொல்லி அழவைக்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஆளிடம் நேரில் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம், உஷாராகிவிடுவான். பொலிஸில் தெரியாத மொழியில் எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தால் அந்தப் பையனைக் காப்பாற்றியிருக்கலாம்.

லயத்துப்பிள்ளை (மஸ்கெலியா)

ஐயா, கடைசி வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. அந்த அக்காவுக்கு அது தெரியாதா?

உங்களுடைய வழி சரியானதுதான். ஆனால் எங்கள் அம்மா பொலிஸுக்கு மூன்று முறை போனார். மூன்று நாளும் வேலைக்குப் போகாததால் பேர் விழவில்லை. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. நான்காவது முறை வரச் சொன்னபோது அம்மா பெரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். முறைப்பாடு செய்தால் பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பது, அன்று தம்பியைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராவிலிருந்து யார் கூட்டிவருவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். எனக்கு அப்போது 11 வயது. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

பயிற்சியாளன் (நானுஓயா)

கரப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். இதையெல்லாம் வாசிக்க வலிக்கிறது, ஆனாலும் வாசிக்கத்தான் வேண்டும். பயிற்சி முடிந்தால் எந்தப் பிள்ளையையும் தனியாக என் முச்சக்கரவண்டியில் ஏற்றுவதில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் எதையும் வாங்கிக் கொடுப்பதில்லை; சப்பாத்து வாங்கினால் கழகத்தின் பெயரில், எல்லோருக்கும் முன்னால். என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டு முறைத்துக்கொள்ளும் பயிற்சியாளரிடம் உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கொழுந்துக்கூடை

ஐயா எழுதியதில் கோபமில்லை. லயத்துப்பிள்ளை, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையனுக்கு இப்போது 16. கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். நேற்று இரவு அவனுடன் பேசினேன். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு, “அந்த மற்றத் தோட்டத்துப் பையன்களுக்கு எத்தனை வயது அக்கா?” என்று கேட்டான். சொன்னேன். “அப்படியென்றால் சொல்லுங்கள்” என்றான்.

இன்று காலை 1929க்கு அழைத்தேன். தமிழில்தான் பேசினார்கள். பையன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே சொல்லச் சொன்னார்கள். சனிக்கிழமை என்ற இடத்தில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் அவசரப்படுத்தவில்லை. முழுவதையும் சொல்லிவிட்டேன்.