விழியை மேலே உயர்த்தினால் தலைவலிதான் வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தூக்கம் பிடிக்காத தொல்லைக்காகச் சுய ஹிப்னாடிசம் பழகி இரண்டு வாரம் ஆகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகலின் முறை: தலையை அசைக்காமல் விழிகளை மட்டும் மேலே உயர்த்தி, பார்வை இறங்காமலே இமைகளை மெல்ல மூட வேண்டும், மூச்சை இழுத்து நிறுத்தி, விடும்போது கண்களைத் தளர்த்த வேண்டும். எனக்கோ இமை மூடியதும் விழி இறங்கிவிடுகிறது. பிடித்து நிறுத்தினால் நெற்றிப்பொட்டில் வலி.

1840களில் ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோக, ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குலத்தில், நெற்றிக்கு மேலே பளபளப்பான பொருளைப் பிடித்து உற்றுப் பார்க்கச் சொன்னார். கண் களைப்பதுதான் அதில் நோக்கமே. எனக்கு அது சரிப்படுமா? சுவரில் ஒரு புள்ளி போதுமா? கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா?

பழகியவர்கள் சொல்லுங்கள். 'நம்பிக்கையோடு செய்' என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.