பந்து போன பக்கம் பார்க்காதவன்

ஒஹாயோவிலிருந்து:

பள்ளி மாணவர்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு ஒன்பது ஆண்டுகளாக நடுவராகப் போகிறேன். பகலில் கணினி வேலை. வெள்ளிக்கிழமை இரவில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. "பந்துக்கு அவ்வளவு தூரத்தில் ஒருவன் விழுந்தால் அதற்கு எதற்குக் கொடி?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். தவறு கண்டால் நாங்கள் எறியும் மஞ்சள் கொடியைத்தான் சொல்கிறார்கள். எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

ஓர் அக்டோபர் இரவு. பந்தை எதிரணிக்கு உதைத்துவிடும் பண்ட். அதைப் பிடித்த எதிரணிப் பையன் எனக்கு எதிர்ப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடினான். அரங்கமே எழுந்து நின்று அவனைப் பார்த்தது. நான் மட்டும் பார்க்கக் கூடாது. நாங்கள் ஐந்து பேர்; அந்தப் பக்கம் நிற்பவர்கள் பந்தைக் கவனித்துக்கொள்வார்கள். பந்து கடந்துபோன இடத்தில் மிச்சமிருப்பவர்கள் என் பொறுப்பு. இந்த வேலையில் நான் கற்றுக்கொள்ள அதிக நாளானது இதைத்தான். கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். அதை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

பந்தை உதைத்த பையன் வெகு பின்னால், இடுப்பில் கைவைத்தபடி நடந்துகொண்டிருந்தான். ஓடியவனின் அணிக்காரன் ஒருவன் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்து தோளால் அவன் விலாவில் மோதினான். வாய்க்காப்பு தெறித்துப் புல்லில் விழுந்தது. மஞ்சள் கொடியை எறிந்துவிட்டு உடனே நிமிர்ந்து பார்த்தேன். ஓடியவன் கோல் கோட்டுக்கு இன்னும் பத்து யார்டு இப்பால் இருந்தான்.

நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு கணம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அவன் கோட்டைக் கடப்பதற்கு முன்பே மோதல் நடந்துவிட்டதால், கடந்து பெற்ற டச்டவுன் என்னும் ஆறு புள்ளி செல்லாது. ஓடியவனின் அணி, தவறு நடந்த இடத்திலிருந்து 15 யார்டு பின்னுக்குப் போக வேண்டும். கடந்த பிறகு நடந்திருந்தால் ஆறு புள்ளிகளும் அப்படியே நின்றிருக்கும். 15 யார்டை அதே ஆட்டத்தில் அடுத்த முறை பந்து வைக்கும்போது கழித்திருப்போம்.

"விசில்கூட ஊதவில்லையே!" என்று ஓடியவனின் பயிற்சியாளர் கத்தினார். விசிலுக்குப் பிறகு இடிப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது இடிப்பதை எடைபோடுவதுதான் கடினம். இடிபட்டவனால் பந்து வைத்திருப்பவனை எட்டிப் பிடித்திருக்க முடியுமா? தன் மேல் ஒருவன் வருவது அவனுக்குத் தெரியுமா? வந்தவன் வழியை மறிக்க வந்தானா, ஆளைச் சாய்க்க வந்தானா? 2017-இல் பள்ளி விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. திறந்த மைதானத்தில், எதிராளி பார்க்காத பக்கத்திலிருந்து வன்மையாக மறித்தால் விரித்த உள்ளங்கைகளால்தான் தொடங்க வேண்டும். அந்தப் பையன் கைகளை நீட்டிக்கொண்டு வந்திருந்தால் என் கொடி இடுப்பிலேயே இருந்திருக்கும்.

நியூ ஜெர்சியிலிருந்து:

சகோதரரே, இடித்த பிள்ளையின் அம்மா நான். நீங்கள் சொல்லும் ஆட்டம் அல்ல, இங்கே நடந்த வேறொன்று. எங்கள் அணிப் பையன் பந்தை இடைமறித்துக்கொண்டு ஓடினான். அந்தப் பந்தை எறிந்த எதிரணிக் குவார்ட்டர்பேக் தனியாக நின்றிருந்தான். என் மகன் போய் அவனைச் சாய்த்தான் என்று கொடி விழுந்தது. நான் எழுந்து நின்று நடுவரைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து, கணவர் கைப்பேசியில் எடுத்த காணொளியைப் போட்டோம். ஓடும் பையன் மட்டுமே அதில் இருந்தான். என் மகன் ஒரு நொடிகூட இல்லை. மூன்று முறை பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் கடைசியில் சொன்னான்: "அவன் என்னைப் பார்க்கவில்லை அம்மா. அது தெரிந்துதான் போனேன்."

விஸ்கான்சினிலிருந்து:

தம்பி, இந்த விதிகள் இல்லாத காலத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்தவன். 2002 நவம்பர் 24, ஃபுளோரிடாவின் டாம்பாவில் எங்கள் மாநிலத்துத் தொழில்முறை அணி கிரீன் பே பேக்கர்ஸ் ஆடியது. எங்கள் பந்து இடைமறிக்கப்பட்டது. ஓட்டத்துக்கு வெகு தொலைவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் வீரர் சாட் கிளிஃப்டனை எதிரணியின் வாரன் சாப் முழு வேகத்தில் மோதினார். இடுப்பெலும்பில் கடும் காயம். கிளிஃப்டனுக்கு அந்தப் பருவமே முடிந்தது. கொடி விழவில்லை, ஏனென்றால் அன்று அது விதிக்கு உட்பட்ட மறிப்பு. ஆட்டம் முடிந்ததும் எங்கள் பயிற்சியாளர் மைக் ஷெர்மன் நேரே சாப்பிடம் போய் வாக்குவாதம் செய்தார்.

அதன் பிறகுதான், ஆட்டத்தில் பங்கில்லாமல் இருப்பவரைத் தேவையின்றி மோதக் கூடாது என்பதைத் தொழில்முறை அணிகளின் அமைப்பான என்.எஃப்.எல். விதியில் இறுக்கியது. 2008-இல் ஹைன்ஸ் வார்டு என்ற வீரர் மோதியதில் எதிரணியின் கீத் ரிவர்ஸின் தாடை உடைந்தது. அதற்கும் கொடி இல்லை. அடுத்த ஆண்டு, பார்க்காத பக்கத்திலிருந்து தலையில் மோதுவதைத் தடுத்தார்கள். தன் கோல் பக்கம் திரும்பி ஓடிவந்து அப்படி வன்மையாக மோதுவதையே 2019-இல் ஒழித்தார்கள். 17 ஆண்டுகள்! ஒவ்வொரு முறையும் ஒருவர் உடைந்த பிறகே விதி வந்தது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மீண்டும் ஒஹாயோவிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்தபின் இதையும் சொல்லத் தோன்றுகிறது. எனக்கு அது மூன்றாம் ஆண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டம். ஒரு நீண்ட ஓட்டம். என் கண் பந்தோடு போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். ஒரு பையன் மல்லாந்து கிடந்தான். தலைக்கவசத்தின் கம்பிக்குள் மண்ணோடு ஒரு பிடி புல். இரண்டு அடி தள்ளி இன்னொருவன் நின்றான். என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கொடியை எறியக் கூடாது. சத்தத்துக்கும் ஊகத்துக்கும் கொடி கிடையாது. கண்ணால் கண்டதற்கு மட்டும்தான்.

பையனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவனுடைய பயிற்சியாளர் கோபமே இல்லாமல் என்னிடம் வந்து, "பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"பார்க்கவில்லை" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, பையனின் கவசக் கம்பியிலிருந்து புல்லை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.